ஏழையின் அப்பமும் பீடத்தின் காணிக்கையும்



பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த ஒருவரைக் குருவானவர் பாவமன்னிப்புக் கொடாமல் திருப்பி அனுப்பினார் என்று கேள்விப்பட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவரும் ஒரு குருவானவர் என்றால் இன்னும் வியப்படைவீர்கள் அல்லவா? ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள ஒரு தீவில் இது நடந்தது. அந்தக் குருவானவர் களவெடுத்தவரல்லர். ஒருவரையும் தம் கையால் அடித்தவருமல்லர். ஊரார் அவரை நல்லவர் என்றே மதித்தனர். அப்படியிருந்தும் மன்னிப்பு மறுக்கப்பட்டது. ஏன் என்பதை அறிந்துகொள்வது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன் தரும். அவருடைய பெயர் பர்த்தொலொமே டி லாஸ் காசாஸ்.

தீவும் அதன் மக்களும்

1492ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கொலம்பஸ் கரீபியன் கடலோரத் தீவுகளை அடைந்தார். ஆசியாவின் கிழக்குக் கரையை அடைந்துவிட்டதாக எண்ணி, அங்கிருந்த மக்களை இந்தியர் என்று அழைத்தார். அந்தத் தவறான பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. ஸ்பானியர் முதன்முதல் குடியேறிய தீவுக்கு எஸ்பஞோலா என்று பெயரிட்டனர். இன்று எயிட்டி, டொமினிக்கன் குடியரசு என்னும் இரு நாடுகள் அத்தீவில் இருக்கின்றன.

அத்தீவின் மக்கள் தாயினோ இனத்தவர். அவர்கள் மண்ணைக் குவித்து மேடாக்கி மரவள்ளி நட்டார்கள். கிழங்கைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கி, மாவை ஓட்டில் சுட்டு அப்பமாக்கி உண்டார்கள். அதுவே அவர்களுடைய அன்றாட உணவு. நாம் அவித்துச் சம்பலுடன் உண்ணும் மரவள்ளிக் கிழங்கு அந்தக் கண்டத்தில் பிறந்த பயிரே. சம்பலுக்கு இடிக்கும் மிளகாயும் அங்கிருந்து வந்ததே. நமது உணவுத் தட்டில் அந்த மக்களின் உழைப்பின் அடையாளம் இன்றும் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

ஸ்பானியர் தேடியது மரவள்ளியை அன்று, பொன்னை. 1495ஆம் ஆண்டளவில் கொலம்பஸ் ஒரு வரி விதித்தார். பொன் கிடைக்கும் பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு மணியளவு பொற்றூள் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அத்தனை பொன் அந்த ஆறுகளில் இருக்கவில்லை. கொடுக்க முடியாதவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள், ஓடியவர்கள் வேட்டையாடப்பட்டார்கள்.

ஒப்படைப்பு என்னும் ஏற்பாடு

பின்னர் ஓர் ஒழுங்கு ஏற்படுத்தப்பட்டது. ஸ்பானிய மொழியில் அதற்கு என்கொமியெந்தா என்று பெயர். ஒப்படைப்பு என்பது அதன் பொருள். ஒரு ஸ்பானியருக்கு இத்தனை சுதேசிகள் என்று அரசாங்கம் ஒப்படைக்கும். அவர்கள் அவருக்கு வேலை செய்யவேண்டும். அவர் அவர்களைப் பாதுகாத்து, கிறிஸ்தவ விசுவாசத்தைப் போதிக்கவேண்டும். ஏட்டில் வாசிக்கும்போது தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உறவுபோலத் தோன்றும்.

நடந்தது வேறு. ஆண்கள் மாதக்கணக்காகப் பொன் அரிக்கும் இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெண்கள் தோட்டங்களில் மண் கிளறினார்கள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் காணாமலே காலம் கழிந்தது. தாய்மாருக்குப் பால் சுரக்கவில்லை, குழந்தைகள் இறந்தன. தமக்கென மரவள்ளி நடுவதற்கு ஆளில்லாமற் போகவே பஞ்சமும் வந்தது. கொலம்பஸ் வந்தபோது அத்தீவில் எத்தனை இலட்சம் பேர் இருந்தனர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் 1514இல் குடிகளைப் பங்கிட்டபோது எடுத்த கணக்கில் ஏறக்குறைய 26,000 பேரே எஞ்சியிருந்தனர். அதன் பின்னர் 1518ஆம் ஆண்டின் முடிவில் பெரியம்மை நோயும் வந்து, எஞ்சியவர்களிலும் பெரும்பகுதியினரை வாரிக்கொண்டு போயிற்று.

இதையெல்லாம் செய்தவர்கள் ஞாயிறு தவறாமல் பூசை கண்ட கத்தோலிக்கர் என்பதை நாம் மறைக்கக்கூடாது.

1511ஆம் ஆண்டுத் திருவருகைக் காலம்

1510இல் புனித சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் அத்தீவுக்கு வந்தார்கள். அவர்களுடைய சிரேஷ்டர் பேத்ரோ டி கோர்தோபா என்னும் இளந்துறவி. ஓலை வேய்ந்த குடிசையில் மிக எளிமையாக வாழ்ந்தார்கள். ஓராண்டுக்கு மேலாக நடப்பதைப் பார்த்தும் விசாரித்தும் அறிந்தார்கள். பின்னர் கூடி ஜெபித்து, ஒரு பிரசங்கத்தை எழுதி, அனைவரும் அதிற் கையொப்பமிட்டார்கள். அதைப் பேசும் பொறுப்பு அந்தோனியோ டி மொந்தெசினோஸ் என்பவரிடம் கொடுக்கப்பட்டது.

1511ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ந் திகதி, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. ஆளுநராயிருந்த கொலம்பஸின் மகன் தியேகோவும் அதிகாரிகளும் கோயிலில் முன்வரிசையில் இருந்தார்கள். அன்றைய நற்செய்தி ஸ்நாபக அருளப்பரைப் பற்றியது. மொந்தெசினோஸ் எழுந்து, இத்தீவாகிய பாலைவனத்தில் கிறிஸ்துவின் குரலாகத் தாம் நிற்பதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அனைவரும் சாவான பாவத்தில் இருப்பதாகக் கூறினார். எந்த உரிமையைக் கொண்டு இந்த மக்களை அடிமைகொண்டீர்கள், இவர்கள் மனிதரல்லரா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா, உங்களைப்போல் இவர்களையும் நேசிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா நீங்கள் என்ற கருத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகளைத் தொடுத்தார்.

கோயிலுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. அன்றே அதிகாரிகள் துறவிகளின் குடிசைக்குச் சென்று, பேசியவரை வரச்சொல்லும்படி கேட்டார்கள். பேசியது ஒருவர்; ஆனால் பேச்சு எங்கள் எல்லாருடையதும் என்று சிரேஷ்டர் பதில் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வற்புறுத்திவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு கோயில் நிறைந்தது. மொந்தெசினோஸ் முன்பு சொன்னதை இன்னும் உறுதியாகச் சொன்னார். அத்துடன், சுதேசிகளை விடுவிக்காதவர்களுக்கு, வழிப்பறிக்காரருக்குப்போல, இனிப் பாவமன்னிப்பு இல்லை என்றும் அறிவித்தார்.

அரசரிடம் முறைப்பாடு போயிற்று. மொந்தெசினோஸும் ஸ்பெயினுக்குச் சென்று அரசரை நேரிற் கண்டு பேசினார். அதன் பயனாக 1512 டிசெம்பர் 27ந் திகதி பூர்கோஸ் என்னும் நகரில் சட்டங்கள் பிறந்தன. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சுரங்கத்துக்கு அனுப்பக்கூடாது. சுதேசிகளைத் தடியால் அடிக்கவோ நாய் என்று அழைக்கவோ கூடாது என்றெல்லாம் அவற்றில் எழுதப்பட்டது. ஆனால் ஒப்படைப்பு ஏற்பாடு ஒழிக்கப்படவில்லை. நாய் என்று அழைக்கக்கூடாது எனச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது என்றால், அந்நாளின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்டும் காணாத குருவானவர்

இந்தக் காலம் முழுவதும் லாஸ் காசாஸ் அங்கேதான் இருந்தார். 1484இல் செவில்யா நகரிற் பிறந்த இவர், 1502இல் அத்தீவுக்கு வந்தார். தோட்டமும் குடிகளும் பெற்றார். பின்னர் குருப்பட்டமும் பெற்றார். தம் குடிகளைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆகையால் தம்மிடம் குற்றமில்லை என்றே நினைத்தார். ஒருநாள் சாமிநாதர் சபைத் துறவி ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யச் சென்றார். அந்தத் துறவி, குடிகளை வைத்திருக்கும் உமக்கு மன்னிப்புத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். லாஸ் காசாஸ் வாதாடினார். ஆயினும் குடிகளை விடவில்லை.

1513இல் கியூபாத் தீவைக் கைப்பற்றச் சென்ற படையுடன் குருவாகப் போனார். கவோனாவோ என்னும் ஊரை அடைந்தபோது, மக்கள் மரவள்ளி அப்பமும் மீனும் கொண்டுவந்து கொடுத்து உபசரித்தார்கள். அன்று காலையில் வழியிலுள்ள ஓடையின் கற்களில் வாள்களைத் தீட்டியிருந்தனர் போர்வீரர். திடீரென ஒருவன் வாளை உருவினான், மற்றவர்களும் உருவினார்கள். அப்பம் கொடுத்த மக்கள் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி வெட்டப்பட்டார்கள். லாஸ் காசாஸ் ஓடியோடித் தடுக்க முயன்றார், முடியவில்லை. அந்தக் கோரத்தைக் கண்ணாற் கண்டவர் அவர்.

அதே கியூபாவில் அதற்குச் சற்று முன்னர், ஹத்துவே என்னும் தாயினோத் தலைவர் உயிரோடு எரிக்கப்பட்டார். தீ மூட்டுமுன் ஒரு துறவி அவரிடம் ஞானஸ்நானம் பெறும்படி கேட்க, மோட்சத்துக்கு ஸ்பானியரும் போவார்களா என்று அவர் விசாரித்தாராம். நல்லவர்கள் போவார்கள் என்று விடை வரவே, அப்படியானால் அந்த இடம் தமக்கு வேண்டாம் என்றாராம். இதை எழுதி வைத்தவர் லாஸ் காசாஸே. நற்செய்திக்கு இடறலாக நின்றவர்கள் புறமதத்தினர் அல்லர், நாமே என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமா?

இவ்வளவும் அறிந்தும் அவர் கியூபாவிலும் ஒப்படைப்புக் குடிகளைப் பெற்றுக்கொண்டார். பேத்ரோ டி லா ரெந்தேரியா என்னும் பக்தியுள்ள நண்பருடன் கூட்டாகப் பண்ணை நடத்தினார். கண்முன் நடக்கும் அநீதி ஊர் வழக்கமாகிவிட்டால், நல்ல மனமும் அதற்குப் பழகிவிடும் என்பதற்கு இது சாட்சி.

ஒரு பிரசங்கத்துக்கான ஆயத்தம்

1514ஆம் ஆண்டு பெந்தெகோஸ்தே திருநாளுக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்வதற்காக அவர் வேதாகமத்தைத் திறந்தார். சீராக் ஆகமத்தின் 34ஆம் அதிகாரம் அவர் கண்ணிற் பட்டது. அநியாயமாகச் சேர்த்த பொருளைக் காணிக்கையாகக் கொடுத்தால் கடவுள் அதை ஏற்பதில்லை. ஏழையின் உடைமையிலிருந்து பலி கொடுப்பது ஒரு தந்தையின் கண்முன்னே அவர் மகனைக் கொல்வதற்குச் சமம். ஏழைக்கு அப்பமே உயிர், அதைப் பறிப்பவன் கொலைஞன். கூலியாளின் கூலியை மறிப்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்பது அந்தப் பகுதியின் போதனை.

அவர் அதற்குமேல் வாசிக்க முடியாமல் யோசிக்கத் தொடங்கினார். தாம் பீடத்தில் வைக்கும் காணிக்கை எங்கிருந்து வந்தது? தாம் உண்ணும் அப்பத்தைச் சுட்டது யாருடைய கை? முன்பு துறவி சொன்னதும், மொந்தெசினோஸ் முழங்கியதும், கவோனாவோவில் கண்டதும் அன்றுதான் ஒன்றாகச் சேர்ந்து அவருக்கு விளங்கின. குடிகளை நன்றாக நடத்துவது போதாது. வைத்திருப்பதே அநீதி என்று கண்டார்.

உடனே ஆளுநரிடம் சென்று தம் குடிகளை ஒப்படைத்தார். ஓகஸ்ட் 15ந் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, சபையார் முன்னிலையில் அதைப் பகிரங்கமாக அறிவித்துப் பிரசங்கித்தார். ஊரார் திகைத்தார்கள். யமேக்காவுக்குச் சென்றிருந்த ரெந்தேரியா திரும்பி வந்தபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. அவரும் அங்கே தபசு காலத் தியானத்தில், சுதேசிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைக்கவேண்டும் என்று தீர்மானித்திருந்தார். நண்பர் இருவரும் பண்ணைப் பொருட்களை விற்று, லாஸ் காசாஸின் ஸ்பெயின் பயணத்துக்குப் பணம் சேர்த்தனர். 1516இல் அவர் சுதேசிகளின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்.

அவர் செய்த பெரிய தவறு

வாசகர்களே, அவரைக் குறையற்றவராகக் காட்டுவது உண்மையாகாது. சுதேசிகளின் சுமையைக் குறைக்கவேண்டும் என்ற ஆவலில், ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இலும் அதன் பின்னரும் அவர் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். ஆபிரிக்கர் முன்னரே கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் ஒரு மக்களின் கண்ணீரைத் துடைக்க வேறொரு மக்களைப் பலியாக்க அவர் உடன்பட்டார்.

பிற்காலத்தில் ஆபிரிக்கர் எவ்வாறு பிடிக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தபோது அவர் நெஞ்சுருகினார். சுதேசிகளை அடிமைப்படுத்தியது எவ்வளவு அநீதியோ அவ்வளவு அநீதியே இதுவும் என்று தம் வரலாற்று நூலில் எழுதினார். அறியாமையால் செய்தேன் என்பது இறைவனின் தீர்ப்பில் தமக்குச் சாக்காகுமோ என்று ஐயுற்றார். ஒரு பாவத்தைக் கண்டு மனந்திரும்பியவனும் இன்னொன்றைக் காணாமல் இருக்கக்கூடும். மனந்திரும்புதல் ஒருநாள் வேலையன்று.

ஆயரும் பாவசங்கீர்த்தனமும்

1522ஆம் ஆண்டளவில் அவர் சாமிநாதர் சபையிற் சேர்ந்தார். ஒருகாலத்தில் தமக்கு மன்னிப்பு மறுத்த அதே சபைதான்! 1537 யூன் 2ந் திகதி பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர், சுதேசிகள் உண்மையான மனிதர்கள், விசுவாசத்தை ஏற்க வல்லவர்கள், கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று பிரகடனம் செய்தார். 1542இல் ஸ்பானிய அரசர் புதிய சட்டங்களைப் பிறப்பித்து, சுதேசிகளை அடிமையாக்குவதைத் தடைசெய்தார். புதிய ஒப்படைப்புகளும் நிறுத்தப்பட்டன.

1544இல் லாஸ் காசாஸ் மெக்சிக்கோவின் தென்பகுதியிலுள்ள சியாப்பா மறைமாவட்டத்தின் ஆயராக அபிஷேகம் பெற்றார். மறுவருடம் தபசு காலத்தில் அவர் கொடுத்த கட்டளை ஊரைக் கலக்கியது. சுதேசிகளை அடிமைகளாக வைத்திருப்பவர்கள், அவர்களை விடுவித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டாலன்றிப் பாவமன்னிப்புப் பெறமுடியாது என்றார். குடியேறியவர்கள் ஆத்திரங்கொண்டு அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். அரசரும் 1545இல் எதிர்ப்புக்கு அஞ்சிப் புதிய சட்டங்களின் முக்கிய பகுதியை நீக்கிக்கொண்டார். ஆயர் 1547இல் ஸ்பெயினுக்குத் திரும்பினார். நிக்கராகுவாவின் ஆயர் அந்தோனியோ டி வல்தியவீசோ, சுதேசிகளுக்காக நின்றதால் 1550இல் குத்திக் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டும் மறு ஆண்டும் வல்லதோலித் நகரில், சுதேசிகள்மீது போர் தொடுப்பது நியாயமென வாதித்த செப்புல்வேதா என்னும் அறிஞருக்கு எதிராக லாஸ் காசாஸ் வாதாடினார். எவர் வென்றார் என்று தீர்ப்பு அறிவிக்கப்படவில்லை. 1566 யூலை 18ந் திகதி மத்ரித் நகரில் அவர் காலமானார். இறுதிவரை சுதேசிகளுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ஒப்படைப்பு ஏற்பாடு அவர் காலத்தில் முடிவடையவில்லை.

இதன் தொடர்ச்சி நம் நாட்களிலும் உண்டு. 2015 யூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் பொலிவியாவில், அமெரிக்காவைக் கைப்பற்றியபோது சுதேசிகளுக்கு எதிராக இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகத் திருச்சபையின் சார்பில் தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30ந் திகதி, புதிதாகக் கண்டுபிடித்த நிலம் கண்டவர்க்கே உரியது என்னும் பழைய கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக நிராகரித்தது. மொந்தெசினோஸ் எழுப்பிய கேள்விக்கு ஐந்நூறு ஆண்டுகளின் பின்னும் விடை சொல்லவேண்டியிருந்தது.

நமக்கு வரும் பாடம்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் நாம் என்ன செய்தோம் என்று ஆராய்கிறோம்: கோபித்தேன், பொய் சொன்னேன், பூசைக்குப் போகவில்லை என்று கணக்கெடுக்கிறோம். நம் கையில் இருப்பது எப்படி வந்தது என்று ஆராய்வது அரிது. வரிகாரனாகிய சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றபோது அழுததாக நற்செய்தி சொல்லவில்லை. அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தான் என்றே சொல்கிறது. மனஸ்தாபம் என்பது கண்ணீரோடு முடிந்தால் போதாது. அது பறித்த பொருள் திரும்பவும் உரியவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்வரை போகவேண்டும்.

நாம் எவரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை என்று சொல்லலாம். லாஸ் காசாஸும் தாம் எவரையும் துன்புறுத்தவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிய கூலியாளின் கூலி, ஏழையின் நெருக்கடியைக் கண்டு குறைத்துக் கேட்ட விலை, வட்டிக்கு வட்டியாக மூழ்கிப்போன அடைவு நகை, வீட்டு வேலைக்கு வந்த பிள்ளையின் இழந்துபோன படிப்பு: இவற்றில் ஒன்றேனும் நம் வீட்டுக் கூரைக்குள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், அந்த வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் காணிக்கையை இறைவன் எப்படிப் பார்ப்பார் என்பதையும் சிந்திக்கவேண்டும்.

மரவள்ளி அப்பம் கொடுத்தவர்களை வெட்டிவிட்டு, பூசைப் பலிக்கு நின்றவர்களின் கதையைக் கேட்கும்போது நமக்கு நடுக்கம் வருகிறது. அந்த நடுக்கத்தை அவர்களோடு விட்டுவிடாமல், அடுத்த முறை நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நம்மோடு கொண்டுபோவோம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. மொந்தெசினோஸ் தனியாகப் பேசாமல், துறவிகள் அனைவரும் கையொப்பமிட்ட பிரசங்கத்தையே ஏன் பேசினார்? நம் பங்கில் ஓர் அநீதியைச் சுட்டிக்காட்டும் ஒருவருடன் நாம் சேர்ந்து நிற்கிறோமா?

2. குடிகளை நன்றாக நடத்திய லாஸ் காசாஸுக்கு ஏன் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது? அந்தத் துறவி செய்தது சரியா?

3. ஆபிரிக்க அடிமைகள் விடயத்தில் லாஸ் காசாஸ் செய்த தவறிலிருந்து நாம் எதைக் கற்கலாம்?

4. நம் வீட்டில் யாருக்கேனும் கொடுக்கவேண்டிய கூலியோ, பொருளோ, மன்னிப்போ நிலுவையில் உண்டா? வரும் ஞாயிறுக்கு முன் அதைக் கொடுத்து முடிக்க என்ன செய்யலாம்?